முப்பது நொடிக்கு முன்னால்

இமிகிரேஷன் வரிசையைத் திட்டாத வெளிநாட்டுப் பயணி கிடையாது. பின்னிரவில் சிங்கப்பூர், துபாய், கொழும்பு விமானங்கள் அடுத்தடுத்து வந்து இறங்கிவிட்டால், சென்னை விமான நிலையத்தில் கவுண்டருக்குப் போய்ச் சேர்வதே தனிப் பயணமாகிவிடும். இந்த வரிசையில் நிற்காமல் போவதற்கு இப்போது ஒரு வழி இருக்கிறது. 2024 ஜூன் 22 அன்று டெல்லி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் அதைத் தொடங்கியது. 2025 ஜனவரி 16 அன்று சென்னை, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி, அகமதாபாத் ஆகிய ஏழு நிலையங்களுக்கு அது வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று திருச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, லக்னோ, அமிர்தசரஸ் சேர்ந்தன. மொத்தம் 21 நிலையங்களுக்குக் கொண்டுபோவது அரசின் திட்டம். விரைவுக் குடியேற்ற அனுமதி, நம்பகமான பயணி திட்டம் என்பது அதன் பெயர். பதிவு செய்துகொண்டவர் முப்பது நொடியில் வெளியே போய்விடலாம் என்று அமைச்சகம் சொல்கிறது.

முப்பது நொடி என்பதை நம்புவதில் எனக்குச் சிக்கல் இல்லை. தானியங்கிக் கதவுக்கு அவ்வளவு நேரம் போதும். போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட்டையும் காட்டினால் முதல் கதவு திறக்கும். உள்ளே கேமரா முகத்தைப் பார்க்கும். ஏற்கெனவே கொடுத்து வைத்த அடையாளத்தோடு ஒத்துப்போனால் அடுத்த கதவும் திறக்கும். அது திறந்தாலே இமிகிரேஷன் அனுமதி கிடைத்ததாகப் பொருள். நான் யோசிப்பதெல்லாம் அந்த முப்பது நொடிக்கு முன்னால் நடப்பதைப் பற்றித்தான். கவுண்டரில் ஓர் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டி, ஆளை ஏற இறங்கப் பார்த்து எடுத்த முடிவை இப்போது யாரோ எங்கோ முன்கூட்டியே எடுத்துவிடுகிறார்கள். வரிசை ஒழிந்துபோகவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாறியிருக்கிறது.

டிஜியாத்ராவையும் இதையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். டிஜியாத்ரா 2022 டிசம்பரில் தொடங்கியது. உள்நாட்டுப் பயணி முகத்தைக் காட்டி முனையத்துக்குள் நுழையவும் பாதுகாப்புச் சோதனைப் பகுதிக்குப் போகவும் உதவுகிற ஏற்பாடு அது. நடத்துவது லாப நோக்கமில்லாத ஒரு நிறுவனம். நம்பகமான பயணி திட்டமோ குடியேற்றப் பணியகத்தின் கையில் இருக்கிறது. நாட்டை விட்டு வெளியேறலாமா, உள்ளே வரலாமா என்று தீர்மானிக்கிற இடம் அது. ஒன்றில் பதிவு செய்தால் மற்றதில் செய்ததாகாது.

இந்தியக் குடிமக்களும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினரும் விண்ணப்பிக்கலாம். எல்லாம் இணையத்தில்தான். பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது ஆறு மாத ஆயுள் இருக்க வேண்டும். விவரங்களை ஏற்றிய பிறகு பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். அது முடிந்தால் கைரேகையும் முகப்படமும் கொடுக்க எஃப்.ஆர்.ஆர்.ஓ. எனப்படும் வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகத்துக்கோ குறிப்பிட்ட விமான நிலையத்துக்கோ வரச் சொல்லித் தகவல் வரும். சென்னையில் அந்த அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில், சாஸ்திரி பவனில் இருக்கிறது. தொடங்கும்போது கட்டணம் எதுவும் வைக்கவில்லை. 2025 செப்டம்பரில் உள்துறை அமைச்சர் சொன்ன கணக்குப்படி அதுவரை பதிந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர், அவர்களில் 2.65 லட்சம் பேர் கதவைப் பயன்படுத்தியிருந்தார்கள். 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்தியர்கள் வெளிநாட்டுக்குப் புறப்பட்ட தடவைகள் 2.7 கோடிக்கு மேல். அதோடு ஒப்பிட்டால் பதிந்தவர்கள் சொற்பம்.

இதெல்லாம் நகரத்துக்காரர் விவகாரம், காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் நம் உத்திரமேரூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வாலாஜாபாத் வழியாக வடக்கே போனால் ஒரகடம். அங்கே டெய்ம்லர் லாரி ஆலையும் ரெனோ நிஸான் கார் ஆலையும் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் தள்ளி ஸ்ரீபெரும்புதூரும் இருங்காட்டுக்கோட்டையும். ஹூண்டாய் அங்கே 1998இலிருந்து கார் செய்கிறது. ஏரிப்பாசன நெல்லுக்கும் ஏரி மண்ணுக்கும் பேர் போன இந்த வட்டாரத்தில் பாலிடெக்னிக்கோ பொறியியலோ படித்த பையன்கள் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போய் வருகிறார்கள். அவர்களில் சிலரைக் கம்பெனி ஜெர்மனிக்கும் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் பயிற்சிக்கு அனுப்புகிறது. தகவல்தொழில்நுட்பத்துக்குப் போனவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குழந்தை பிறந்தால் இங்கிருந்து அம்மாவும் அப்பாவும் ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வருகிறார்கள். இந்தத் திட்டம் யாருக்காக என்று கேட்டால், சூட்கேஸோடு ஓடும் தொழிலதிபரை மட்டும் காட்டிப் பயனில்லை.

இந்தப் பையன்களில் ஒருவர் பேருந்து நிலையம் பக்கத்திலுள்ள பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் முட்டுக்கட்டை பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அவர் முருகன் கே. ஆதாரிலும் அப்படியே. பாஸ்போர்ட் இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். அப்படி எழுதும்போது அப்பா கண்ணனின் பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு உலகம் முழுக்க அவர் மிஸ்டர் கண்ணன்தான்; அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இவர் திரும்பிப் பார்க்க வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டவர்களின் கதை வேறு. அமெரிக்க விசாவில் அவர்களுடைய முதல் பெயர் ‘எஃப்.என்.யு.’ ஆகிவிடும், முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தபோது தமிழ்நாட்டு டிராவல் ஏஜென்ட்டுகளுக்குத் தூக்கம் போயிற்று. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். கவுண்டரில் மனிதர் இருக்கும்வரை இதையெல்லாம் வாயால் விளக்கிவிடலாம். கதவுக்கு விளக்க முடியாது. போர்டிங் பாஸில் உள்ள எழுத்தும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தும் ஒத்துப்போயாக வேண்டும்.

அடுத்தது முகவரி. பாஸ்போர்ட்டில் இருப்பது உத்திரமேரூர் வீடு. ஆள் குடியிருப்பதோ படப்பையில் நாலு பேரோடு வாடகைக்கு. இப்போது இருக்கிற முகவரி எது என்று படிவம் கேட்கும்போது எதை எழுதுவது? ஊர் முகவரியை எழுதினால் விசாரிக்க வரும்போது ஆள் இருக்க மாட்டார். வாடகை முகவரிக்கு ஆதாரம் இருக்காது. இரண்டு இடத்தில் வாழ்கிற ஒரு தலைமுறையை ஒரே முகவரியில் அடைக்கப் பார்க்கிறது படிவம்.

நம்பத்தக்கவர் யார் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது உத்திரமேரூருக்குப் பழகிய விஷயம். இங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919, மற்றது 921. குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் இவற்றைப் பேசுவார்கள். மேடைப் பேச்சில் ஜனநாயகத்தின் தொட்டில் என்பதோடு அது முடிந்துவிடும். எனக்கு அதில் சுவாரசியம் தருவது, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, வருகிறவருக்கான தகுதிப் பட்டியல். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குக் கீழ் வயது, வேத சாஸ்திரப் படிப்பு, நேர்வழியில் வந்த பொருள், கடந்த மூன்று வருடம் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. யார் கூடாது என்பது இன்னும் விரிவாக இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், மாமனார், மருமகன் என்று சொந்தபந்தமெல்லாம் கூடாது. பிறர் பொருளைப் பறித்தவர் கூடாது. 919இல் எழுதிய விதியில் குறை தெரிந்து இரண்டே வருடத்தில் திருத்தினார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. முதல் கல்வெட்டில் வயது வரம்பு முப்பதிலிருந்து அறுபது, இரண்டாவதில் மாறிவிட்டது. திருத்தியதும் அதே சுவரில்தான்.

இதைப் பொற்காலமாக்குவது என் வேலை இல்லை. அது சதுர்வேதிமங்கலம், நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை. ஊரில் உழுதவரும் நெய்தவரும் அந்தப் பட்டியலுக்கு வெளியேதான் இருந்தார்கள். ஒருவன் கணக்கு ஏய்த்தால் மாமனாரையும் சேர்த்துத் தள்ளிவைப்பது நியாயமும் இல்லை. ஆனால் தள்ளப்பட்டவருக்குத் தான் ஏன் தள்ளப்பட்டோம் என்பது தெரியும். சுவரைப் போய்ப் பார்த்தால் போதும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. குடத்திலிருந்து ஓலையை எடுப்பது விவரம் அறியாத ஒரு சிறுவன். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்திக்கொள்ள வேண்டும், கையில் வேறு ஓலை ஒளித்து வைத்திருக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக. சாஸ்திரி பவனில் கண்ணாடித் தட்டின் மேல் ஐந்து விரலையும் விரித்து வைப்பவர் விண்ணப்பதாரர். தீர்ப்புச் சொல்கிற பக்கத்தில் யார் விரலையும் விரிக்க வேண்டியதில்லை.

எல்லை தாண்டிப் போகிற தமிழரை அடையாளம் பிடித்து வைக்கிற வேலை கணினியோடு வந்ததில்லை. 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஏற்றிச் சென்றது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் அப்படிப் போனார்கள். பெரும்பகுதி சென்னை வழியாக. செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்து போனவர்கள் அதில் ஏராளம். உத்திரமேரூர் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தது. கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசியில் உடம்பு அடையாளங்களுக்கு ஒரு கட்டம்: தழும்பு, மச்சம். பயோமெட்ரிக் என்று இன்று நாம் சொல்வதன் பாட்டனார் அந்தக் கட்டம். இன்று நேட்டாலிலிருந்து பூர்வீகம் தேடி வருகிறவர்கள் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் தேடுகிறார்கள்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு வேறொரு ஏற்பாடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை என்று ஒன்று வந்தது. தோட்டத்தின் குறியீடும் எண்ணும் பொறித்த சின்னத் தகர வில்லை. அதைக் கொண்டுபோனவரை வழியில் கையில் காசு இல்லாவிட்டாலும் தோட்டம் வரை கொண்டு சேர்த்துவிடுவார்கள். செலவு தோட்டத்துக் கணக்கில். உண்மையில் அது ஆளின் தலையில் ஏறுகிற கடன். இலங்கைத் தொழிலாளர் ஆணையம் 1904இல் தலைமையகம் வைத்தது திருச்சியில். ஒரு நூற்றாண்டு கழித்து அதே திருச்சியில் தானியங்கிக் கதவு வந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். வில்லை வாங்கியவருக்கு வேறு வழி இருக்கவில்லை, கதவுக்குப் பதிகிறவர் விரும்பிப் பதிகிறார். ஆனால் யாருக்கு விரைவு தேவைப்பட்டது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்க ஆள் சீக்கிரம் வேண்டியிருந்தது. இன்று விமான நிறுவனத்துக்கும் விமான நிலையத்துக்கும் இணைப்பு விமானப் பயணி சீக்கிரம் நகர வேண்டியிருக்கிறது.

விரும்பிக் கொடுப்பது என்பதிலும் தமிழருக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் எல்லோரும் பத்து விரல் ரேகை வைக்க வேண்டும் என்று 1907இல் சட்டம் வந்தது. அதை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர்களில் முன்வரிசையில் தம்பி நாயுடுவும் நூற்றுக்கணக்கான தமிழர்களும் இருந்தார்கள். 1908 ஜனவரியில் காந்தி டிரான்ஸ்வால் அமைச்சர் ஸ்மட்ஸோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்: கட்டாயம் வேண்டாம், நாங்களாகவே பதிவு செய்துகொள்கிறோம். பிப்ரவரி 10 அன்று பதிவு அலுவலகத்துக்கு நடந்து போகும் வழியில் அவரை, அந்த உடன்பாட்டை ஏற்காத மீர் ஆலம் அடித்து வீழ்த்தினார். பதிவு நடந்தது, ஆனால் சட்டம் நீங்கவில்லை. ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி வளாகத்தில் சான்றிதழ்களைக் கூட்டமாக எரித்தார்கள். தானாகக் கொடுத்த ரேகையும் அரசின் பெட்டியில் போய்ச் சேர்ந்த பிறகு வெறும் ரேகைதான். யார் எந்த மனநிலையில் கொடுத்தார்கள் என்பது அதில் பதிவதில்லை.

விமான நிலையங்களில் இந்தத் தொழில்நுட்பத்தைச் சோதித்துப் பார்த்தது மேற்கு. அமெரிக்கா 1993இலேயே நியூயார்க்கிலும் நியூவார்க்கிலும் உள்ளங்கை அளவை வைத்து ஒரு திட்டம் நடத்தியது. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையம் 2001இல் கருவிழியைப் படம்பிடித்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு கொள்கை தெளிவாயிற்று: ஆபத்தில்லாதவர் என்று தெரிந்தவர்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டு, மிச்ச நேரத்தைத் தெரியாதவர்கள் மேல் செலவிடு. அதன் விளைவுதான் 2008இல் வந்த அமெரிக்காவின் குளோபல் என்ட்ரி திட்டம். அதில் இந்தியக் குடிமக்களுக்கு 2017 ஜூலையில் இடம் கிடைத்தது. முதலில் சேர்ந்தவர் அப்போதைய தூதர் நவ்தேஜ் சர்னா.

குளோபல் என்ட்ரியில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. இந்தியக் குடிமகன் அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தால் போதாது. நம் பாஸ்போர்ட் சேவை வழியாகவும் பின்னணிச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது சுற்றிச் சுற்றி நம் ஊர்க் காவல் நிலையத்துக்கு வரும். அதாவது டல்லாஸ் விமான நிலையத்தில் ஒருவரை நம்பலாமா என்பதற்கு உத்திரமேரூர் போலீஸ் ஏட்டு பதில் எழுதுகிறார். அக்கம்பக்கத்தில் விசாரிப்பது, ஏதாவது வழக்கு உண்டா என்று பார்ப்பது என்று அந்த நடைமுறை பழையதுதான். எல்லா எந்திரத்துக்கும் அடியில் கடைசியில் ஒரு மனிதரின் கையெழுத்து இருக்கிறது. கட்டணம் 2024 அக்டோபரில் 100 டாலரிலிருந்து 120 டாலர் ஆயிற்று. ஐந்து வருடம் செல்லும்.

அந்த நம்பிக்கை எவ்வளவு சீக்கிரம் போய்விடும் என்பதுதான் ஊரில் தெரியாத விஷயம். சுங்க விதியையோ வேளாண் விதியையோ மீறினாலும் தகுதி போய்விடும் என்று அமெரிக்கச் சுங்கத்துறை வெளிப்படையாக எழுதியிருக்கிறது. இங்கே அம்மா என்ன செய்கிறார்? கொல்லையில் பறித்த கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றி, வடகத்துக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் பெட்டியின் அடியில் வைத்துவிடுகிறார். பச்சைக் கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள் தடை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் நோயைப் பரப்புகிற பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்பது காரணம். காரணம் நியாயமானதே. ஆனால் பெட்டியைத் திறக்கும் அதிகாரியிடம் சொல்லாமல் கொண்டுபோனதாகக் கணக்காகிவிட்டால், அபராதத்தோடு அந்தப் பையனின் விரைவு வரிசையும் சேர்ந்து போகும். பெட்டியில் என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு, இருப்பதைப் படிவத்தில் எழுதிவிடுவது நல்லது.

தமிழ்நாட்டில் அடிக்கடி வெளிநாடு போகிறவர் என்றால் யார் என்று சென்னை மண்ணடியில் கேட்டுப் பாருங்கள். குருவி என்பார்கள். சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் பாங்காக்குக்கும் போய்ச் சரக்கு தூக்கி வருகிறவர்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை விழ இடமிருக்காது. பயணத் தடவையை வைத்து எடைபோட்டால் அவர்கள் எல்லோரையும் முந்திவிடுவார்கள். ஆனால் தடவை கூடக் கூட அவர்கள் மேல் சந்தேகம் கூடுகிறது; மென்பொருள் ஆலோசகருக்கோ தடவை கூடக் கூட மதிப்பு கூடுகிறது. இமிகிரேஷன் வேறு, சுங்கம் வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தானியங்கிக் கதவு திறந்தது என்பதற்காகச் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லாமல் இருக்க மாட்டார்.

வேலைக்குப் போகிற உழைப்பாளிக்குச் சிங்கப்பூர் வேறொரு காட்சியைக் காட்டுகிறது. கட்டுமான வேலைக்குப் போன நம் ஊர்க்காரர் வொர்க் பெர்மிட்டோடு சாங்கி விமான நிலையத்தில் தானியங்கி வரிசையிலேயே போகிறார். விரலும் முகமும் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கின்றன. 2024இல் குடியிருப்போர் பாஸ்போர்ட்டையே காட்டாமல் கடக்கும் வசதியும் வந்துவிட்டது. அங்கே கூலியாளும் மேலாளரும் ஒரே கதவில் நுழைகிறார்கள் என்று மகிழலாம். முதலாளி பெர்மிட்டை ரத்து செய்த அன்றே அந்த வரிசை கைவிட்டுப் போய்விடும் என்பதும் அதே ஏற்பாட்டில் அடங்கியதுதான்.

இங்கே புறப்படும்போது அவருக்கு நடப்பது வேறு. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பத்தாம் வகுப்புத் தேறாதவருக்குக் கிடைப்பது ஈ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அடங்கிய பட்டியலிலுள்ள 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக வேண்டுமானால் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். ஏமாற்று ஏஜென்ட்டிடமிருந்து காப்பாற்றத்தான் இந்தச் சட்டம். நடைமுறையில், படிக்காதவர் கூடுதலாக ஒரு மேஜையைக் கடக்க வேண்டும். 2018 ஜனவரியில் இவர்களுக்கு ஆரஞ்சு நிறப் பாஸ்போர்ட் தரப்போவதாக வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது; அட்டை நிறத்திலேயே ஆளை இரண்டாம் தரமாக்குகிறார்கள் என்று எதிர்ப்பு எழவே அந்த மாதக் கடைசியிலேயே கைவிட்டது. நிறம் கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் சண்டை போட முடிந்தது. தரவுத்தளத்தில் நடக்கிற பிரிவினைக்கு நிறம் கிடையாது.

என் ஐயமெல்லாம் இங்கேதான். நம்பகமான பயணி திட்டத்தில் பொய்த் தகவல் கொடுத்தாலோ உண்மையை மறைத்தாலோ விண்ணப்பம் தள்ளுபடியாகும் என்பதில் யாருக்கும் சண்டை இருக்காது. பின்னணிச் சரிபார்ப்பில் எது கறையாக எண்ணப்படுகிறது, எவ்வளவு பழைய கறை வரை பார்க்கிறார்கள் என்பவைதான் பொதுவில் இருக்க வேண்டியவை. இந்த மாவட்டத்தில் இது ஏட்டுச் சந்தேகம் கிடையாது. பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் வரப்போவதாக 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்ததிலிருந்து ஏகனாபுரம் மக்கள் நிலத்துக்காகப் போராடுகிறார்கள். கிராம சபையில் தீர்மானம் மேல் தீர்மானமாக நிறைவேற்றியிருக்கிறார்கள். மறியல் என்றால் வழக்கு வரும். மறியலில் உட்கார்ந்து பெயர் வழக்கில் ஏறிய ஒரு பட்டதாரி, நாளைக்கு நம்பகமான பயணி ஆவாரா? அந்தக் கேள்விக்கான விடை சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மேனகா காந்தி வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தக் கோரிக்கைக்கு அடிப்படை. வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும். அதைத் தடுக்கிற நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும் என்று அது தீர்ப்பளித்தது. அவருடைய பாஸ்போர்ட்டை முடக்கியபோது காரணம் சொல்ல மறுத்தார்கள் என்பதுதான் வழக்கின் தொடக்கமே. விரைவுக் கதவு உரிமை ஆகாது, சலுகைதான், சாதாரண வரிசை திறந்தே இருக்கிறது என்று அரசு வாதிடலாம். இன்றைக்கு அது சரியான வாதம். கதவுகள் பெருகி, கவுண்டர்கள் குறைந்து, சாதாரண வரிசையில் நிற்பதே சந்தேகத்துக்கு இடமாகும் நாளில் அந்த வாதம் நிற்காது. ஒருவரை நாட்டை விட்டுப் போக விடாமல் நிறுத்தும் லுக்-அவுட் சர்க்குலர் விஷயத்தில் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம்: தன் பெயர் அதில் இருப்பது பலருக்கு விமான நிலையத்தில் நிறுத்தும்போதுதான் தெரியும். பொதுத்துறை வங்கிகள் கடன்காரர்கள் மேல் அப்படிச் சர்க்குலர் கேட்கும் அதிகாரத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ரத்து செய்தது. அதுவரை எத்தனை பேர் போர்டிங் பாஸோடு திரும்பி வந்திருப்பார்கள்!

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும் என்று நம்பிவிட முடியாது. அரசு அமைப்புகளுக்கு அதில் விலக்கு தாராளம்.

விரல் விஷயம் இன்னும் எளிய தொல்லை. ரேஷன் கடையில் கைரேகை எந்திரம் வந்த நாளிலிருந்து ஊர் பார்த்துக்கொண்டிருக்கிற காட்சிதான். களை பறித்த விரலும் தறியில் நூல் இழுத்த விரலும் தேய்ந்துபோய் எந்திரத்துக்குப் பிடிபடுவதில்லை. ஈரத்தைத் துடை, தலையில் தேய், இன்னொரு விரல் வை என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால்தான் கருவிழிக் கருவியைக் கொண்டுவந்தார்கள். மகன் வீட்டுக்கு வருடம் தவறாமல் அமெரிக்கா போய் வருகிற காஞ்சிபுரத்து நெசவாளத் தாய், திட்டத்தின் நோக்கப்படி அசல் பயணி. நீண்ட வரிசையில் கால் கடுக்க நிற்கக் கூடாதவரும் அவரே. அவருடைய ரேகை பதிய மறுத்தால் அது அவருடைய குற்றமில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, பதிவு செய்யலாமா என்று ஒரகடத்துப் பையன் கேட்டால், செய் என்றுதான் சொல்வேன். அவனுடைய பாஸ்போர்ட் விவரமும் பயண விவரமும் ஏற்கெனவே அரசிடம் இருக்கின்றன. புதிதாகப் போவது விரலும் முகமும். லாபத்தையும் மிகைப்படுத்த வேண்டாம். உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு வழியாக ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தாலும், படப்பை வழியாக வந்தாலும், நெரிசலுக்குப் பயந்து முன்னதாகவே கிளம்ப வேண்டும். பெட்டி போடவும் பாதுகாப்புச் சோதனைக்கும் விமான நிறுவனம் சொன்ன நேரத்துக்குப் போயாக வேண்டும். புறப்படும்போது மிஞ்சுகிற நேரம் நாற்காலியில் உட்காரத்தான் உதவும். வந்து இறங்கும்போதுதான் பலன். அங்கேயும் பெட்டி வரும் பெல்ட்டுக்கு அவசரம் கிடையாது. ஃபிராங்க்பர்ட்டில் இறங்கினால் இந்தப் பதிவு செல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 அக்டோபர் 12 முதல் வெளிநாட்டவரின் விரலையும் முகத்தையும் தனியாகப் பதிந்துகொள்ளத் தொடங்கியிருக்கிறது. முதல் தடவை அங்கே நின்றுதான் ஆக வேண்டும்.

குடும்பமாகப் போகிறவர்கள் எல்லோரும் பதிந்தால்தான் உண்டு. ஒருவர் கதவு வழியாகப் போய்விட்டு மனைவியும் பிள்ளையும் கவுண்டரிலிருந்து வரும்வரை அந்தப் பக்கம் காத்து நிற்பதில் என்ன மிச்சம்?

விண்ணப்பிக்கும் முன் பாஸ்போர்ட்டின் கடைசித் தேதியைப் பார்ப்பது முக்கியம். பதிவு ஐந்து வருடத்துக்கு அல்லது பாஸ்போர்ட் முடியும்வரை, எது முந்தியோ அதுவரைதான். சென்னை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம் 2025 மார்ச் முதல் சில்லு பதித்த இ-பாஸ்போர்ட் கொடுத்து வருகிறது. பழையது ஒன்றிரண்டு வருடத்தில் முடியப்போகிறதென்றால் முதலில் தாம்பரம் சேவை மையத்துக்குப் போய் அதைப் புதுப்பித்துக்கொள்வது மேல். பெயர்க் கட்டத்தையும் அப்போதே சரிசெய்துவிடலாம்: எது தன் பெயர், எது அப்பா பெயர் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். பிரௌசிங் சென்டர் தம்பி அவசரத்தில் அடித்த எழுத்தை அதற்குப் பிறகு பத்து வருடம் சுமக்க வேண்டியிருக்கும்.